52 கணினிகள், இரண்டு பேர்: எந்தக் கருவி?

வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அதன் சுருக்கத்தை முதலில் தருகிறேன்.

நடுத்தர அளவுள்ள ஒரு நிறுவனத்தில் அவர் கணினி நிர்வாகி. பொறுப்பில் 18 லினக்ஸ் சர்வர்கள், 34 விண்டோஸ் கணினிகள். பார்த்துக்கொள்ள இரண்டே பேர்: இவரும், பதினைந்து ஆண்டு அனுபவமுள்ள மூத்த சகா ஒருவரும். சர்வர் பெயர்களை ஒரு கோப்பில் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாகக் கணினிக்குள் நுழையும் முறை) வழியாக நுழைந்து கட்டளைகளை ஓட்டும் ஷெல் ஸ்கிரிப்ட்டுகளை (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்புகளை) இவர் எழுதி வைத்திருக்கிறார். அண்மையில் இரண்டு முறை அடி வாங்கியிருக்கிறார். ஒரு ஸ்கிரிப்ட் ஓடும்போதெல்லாம் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் அதே வரியை மறுபடி சேர்த்திருக்கிறது. அடுத்த ரீஸ்டார்ட்டில் வெப் சர்வர் எழுந்திருக்க மறுத்துவிட்டது. இன்னொரு முறை, ஸ்கிரிப்ட் ஓடிய நேரத்தில் அணைந்திருந்த ஒரு சர்வர் பழைய அமைப்புகளோடு திரும்பி வந்து, மூன்று வாரம் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது.

மேலாளர் இப்போது கெடு வைத்திருக்கிறார்: மூன்று மாதத்தில் எல்லாக் கணினிகளின் அமைப்புகளும் ஒரே கருவியின் கீழ் வர வேண்டும். தன் பழைய நிறுவனத்தில் பப்பெட் என்ற அமைப்பு நிர்வாகக் கருவி இருந்ததால் அதையே வாங்கலாம் என்கிறார். நண்பர் ஒருவர், "ஆன்சிபிள் போடு, ஏஜென்ட் கிடையாது, அதனால் பாதுகாப்பு" என்கிறார். (ஆன்சிபிளும் அதே வகைக் கருவி; ஏஜென்ட் என்பது ஒவ்வொரு கணினியிலும் நிறுவி ஓடவிடும் சிறு நிரல்.) வாசகருக்கோ நிக்ஸ்ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் மீது ஆசை. மூத்த சகாவுக்கு எந்தக் கருவியும் பிடிக்கவில்லை. நேராக சர்வருக்குள் போய்க் கோப்பைத் திருத்திவிட்டு வருவதே அவர் வழக்கம். "அரை மணிக்கொரு முறை அவர் மாற்றியதை எல்லாம் தானாக அழிக்கும்படி வைத்துவிட்டால் திருந்திவிடுவார் அல்லவா?" என்று கேட்கிறார் வாசகர். ஸ்கிரிப்ட்டுகளில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டுகள் அப்படியே எழுதப்பட்டிருப்பதையும், அவை கிட்டில் (கோப்புகளின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கருவி) இருப்பதையும் போகிற போக்கில் சொல்கிறார். கடைசியில் ஒரு பின்குறிப்பு: சொந்தமாக மூன்று கணினிகள் வைத்திருக்கிறார், அவற்றுக்கு என்ன செய்வது?

அன்புள்ள வாசகருக்கு,

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் 18 லினக்ஸ் சர்வர்களுக்கு ஆன்சிபிள் போதும். விண்டோஸ் கணினிகளை இப்போதைக்கு அதற்குள் இழுக்க வேண்டாம். பப்பெட் மோசமான யோசனை இல்லை, ஆனால் உங்கள் அளவுக்குக் கூடுதல். நிக்ஸ்ஓஎஸ் அருமையானது, உங்கள் அலுவலகத்துக்கு இப்போது வேண்டாம்.

கடிதத்தோடு ஓர் ஒப்பீட்டு அட்டவணை அனுப்பியிருந்தீர்கள். வேகம், மாட்யூல்களின் (ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் ஆயத்தத் துணுக்குகள்) எண்ணிக்கை, எந்தெந்தப் பெரிய நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன என்று உழைத்துப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் முடிவைத் தீர்மானிக்க வேண்டிய வரிசை அதில் இல்லை. நீங்கள் பத்து நாள் விடுப்பில் போகும்போது, உங்கள் சகா அந்தக் கோப்புகளைத் திறந்தால் அவருக்குப் புரியுமா? யாரையும் கேட்காமல் ஓட்டுவாரா? இருபது பேர் உள்ள குழுவில் இதைக் கடைசியாகப் பார்க்கலாம். இரண்டு பேர் உள்ள இடத்தில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இரண்டாம் ஆள் தொட மறுக்கும் கருவியால் நிறுவனத்துக்குப் பாதுகாப்பு கூடாது. உங்கள் தலையில் இருக்கும் ரகசியங்களின் எண்ணிக்கைதான் கூடும்.

ஆன்சிபிளின் யாம்ல் (எளிய உரை வடிவம்) கோப்பு, ஷெல் தெரிந்த யாருக்கும் மேலிருந்து கீழாகப் படித்தால் ஓரளவு விளங்கும். பப்பெட்டுக்குத் தனி மொழி. அதோடு ஒரு மையச் சர்வர், சான்றிதழ்கள், ஒவ்வொரு கணினியிலும் ஓர் ஏஜென்ட். இன்னொரு கருவியான செஃப்புக்கு ரூபி என்ற நிரல்மொழி தெரிய வேண்டும். நிக்ஸ் மொழியை உங்கள் சகா கற்றுக்கொள்வார் என்று நீங்களே நம்பவில்லை, கடிதத்தின் தொனியிலேயே அது தெரிகிறது.

கருவி வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

உங்கள் ஸ்கிரிப்ட் "இந்த வரியைச் சேர்" என்றது. இந்த வகைக் கருவிகளிடம் "இந்த வரி இருக்க வேண்டும்" என்கிறோம். இல்லையென்றால் சேர்க்கும், இருந்தால் தொடாது. நூறு முறை ஓட்டினாலும் முடிவு ஒன்றுதான். 1993இல் ஆஸ்லோவில் மார்க் பர்ஜஸ் எழுதிய சிஎஃப்என்ஜினிலிருந்து 2005இல் வந்த பப்பெட், 2009இல் செஃப், 2011இல் சால்ட், 2012இல் ஆன்சிபிள் வரை எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். வேறுபடுவது எப்படி எழுதுகிறோம், எந்தப் பக்கமிருந்து வேலை தொடங்குகிறது என்பதில்தான்.

ஆனால் "ஆன்சிபிளுக்கு மாறினால் வரி இரட்டிப்பாகும் தொல்லை தானாகவே போய்விடும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது பாதிதான் உண்மை. ஆன்சிபிளில் ஷெல், கமாண்ட் என்று இரண்டு மாட்யூல்கள் உண்டு. கொடுத்த கட்டளையை அப்படியே ஓட்டும், ஒவ்வொரு முறையும் ஓட்டும். அவசரத்தில் மாறுகிறவர்கள் பழைய ஸ்கிரிப்ட்டின் ஒவ்வொரு வரியையும் இந்த மாட்யூலுக்குள் ஒட்டிவிட்டு, ஆன்சிபிளுக்கு வந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வார்கள். அப்படிச் செய்தால் என்ஜின்எக்ஸ் கதை மறுபடி நடக்கும், இந்த முறை யாம்லில். வரி வரியாகச் சேர்ப்பதை விட்டுவிட்டு, முழுக் கோப்பையும் டெம்ப்ளேட்டாக (மாறும் இடங்களை மட்டும் நிரப்பும் மாதிரிக் கோப்பாக) எழுதி வைப்பதே நல்லது. டெம்ப்ளேட் மாட்யூலில் சரிபார்க்கும் வசதியும் இருக்கிறது: புதிய கோப்பைச் சோதனைக் கட்டளை ஒன்றிடம் காட்டி, அது தேறினால் மட்டும் பழையதன் இடத்தில் வைக்கும். என்ஜின்எக்ஸுக்கு இன்னும் எளிது, அதன் சொந்தச் சோதனைக் கட்டளை தேறிய பிறகே ரீலோட் நடக்கும்படி எழுதிவிடலாம். உங்கள் வெப் சர்வர் விழுந்த அன்று இந்த ஒரு தடுப்பு இருந்திருந்தாலே போதும்.

இன்னொன்றையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் குழம்ப மாட்டீர்கள். பிளேபுக்கிலிருந்து (ஆன்சிபிளுக்கான வேலைகளை எழுதிய யாம்ல் கோப்பு) ஒரு பொதியின் (நிறுவப்படும் மென்பொருள்) பெயரை நீக்கினால், அது சர்வரிலிருந்து நீங்காது. கருவி அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிடும், அவ்வளவுதான். நீக்க வேண்டுமென்றால் "இது இருக்கக் கூடாது" என்று எழுதி, எல்லாச் சர்வர்களிலும் ஓட்டிய பிறகே அந்த வரியை எடுக்க வேண்டும். பப்பெட்டிலும் இதே நிலைதான். இதை உண்மையாகவே தீர்த்து வைத்திருப்பது நீங்கள் ஆசைப்படும் நிக்ஸ்ஓஎஸ்ஸும் அதே வழியில் வந்த கீக்ஸும். அங்கே முழு அமைப்பும் எழுதி வைத்ததிலிருந்தே கட்டப்படுகிறது. எழுத்தில் இல்லாத பொதி கணினியிலும் இருக்காது, பிடிக்கவில்லையென்றால் முந்தைய நிலைக்கு அப்படியே திரும்பலாம். உங்கள் ஆசையில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்காக 18 சர்வர்களின் இயங்குதளத்தையே மாற்ற வேண்டும், உங்கள் இருவரில் ஒருவர் அதன் மொழியைப் படிக்க மாட்டார். அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை.

பப்பெட் பற்றி மேலாளர் சொல்வதில் எது சரி

அணைந்திருந்த சர்வர் விஷயத்தில் மேலாளர் பக்கம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அவரே அதை அறிந்திருக்கிறாரா தெரியவில்லை.

பப்பெட்டில் ஒவ்வொரு கணினியிலும் உள்ள ஏஜென்ட், இயல்பாக 30 நிமிடத்துக்கு ஒரு முறை மையச் சர்வரிடம் "நான் எப்படி இருக்க வேண்டும்?" என்று கேட்கும். ஒரு வாரம் அணைந்திருந்த கணினி எழுந்தவுடன் தானே கேட்டுச் சரிசெய்துகொள்ளும். ஆன்சிபிளில் நீங்கள் இங்கிருந்து தள்ளுகிறீர்கள். அந்த நேரத்தில் எட்டாத கணினியை "அன்ரீச்சபிள்" என்று கடைசிச் சுருக்கத்தில் காட்டிவிட்டு அது தன் வேலையை முடித்துக்கொள்ளும். அந்த வரியை யாரும் படிக்கவில்லையென்றால் மறுபடி அதே மூன்று வாரம்தான்.

இது சின்ன விஷயம் இல்லை. 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தில் நடந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டும். ஏழில் ஏறியது, ஒன்று விட்டுப்போனது. அந்த ஒன்றில், பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இல்லாத பழைய நிரல் விழித்துக்கொண்டு ஆர்டர்களை அனுப்பித் தள்ளியது. சுமார் 45 நிமிடம். நட்டம் 46 கோடி டாலருக்கு மேல். அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் பிறகு வெளியிட்ட உத்தரவில் குறிப்பிட்ட குறைகளில் ஒன்று, அந்த வேலையை இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்க்கவில்லை என்பது. 18 சர்வர் உள்ள இடத்துக்கு அந்த அளவு நட்டம் வராது, சரி. ஆனால் தவறின் வடிவம் உங்களுடையதேதான்.

எனவே ஆன்சிபிளை எடுத்தால் இதற்கு ஈடுகட்டியே ஆக வேண்டும். நினைத்தபோது ஓட்டும் பழக்கத்தை விடுங்கள். மாற்றம் ஏதும் இல்லாவிட்டாலும் தினமும் ஒரு முறை முழுவதையும் எல்லாச் சர்வர்களிலும் ஓட்டும்படி வையுங்கள். எட்டாத கணினி இருந்தால் அது ஒரு தோல்வியாகவே உங்கள் இருவருக்கும் மின்னஞ்சலில் வர வேண்டும். இல்லையென்றால் ஆன்சிபிள்-புல் இருக்கிறது: ஒவ்வொரு சர்வரும் கிட்டிலிருந்து பிளேபுக்கை இழுத்துத் தன் மீதே ஓட்டிக்கொள்ளும். உங்கள் அளவுக்குத் தினசரி ஓட்டமே போதும் என்பது என் எண்ணம்.

நாளை உங்கள் 18 சர்வர்கள் முந்நூறு ஆகி, குழுவில் ஐந்தாறு பேர் வந்து, ஒவ்வொரு கணினியின் நிலையையும் தணிக்கைக்குக் காட்ட வேண்டிய கட்டாயமும் வந்தால், என் பதில் மாறும். அப்போது பப்பெட்டையோ சால்ட்டையோ மறுபடி எடுத்துப் பாருங்கள். ஆன்சிபிள் இயல்பாக ஒரே நேரத்தில் ஐந்து கணினிகளைத்தான் கையாளும்; அதைக் கூட்டலாம் என்றாலும், ஆயிரக்கணக்கில் போகும்போது அதன் மெதுவான நடை உறுத்தத் தொடங்கும். உங்களுக்கு அது இப்போது ஒரு பொருட்டே இல்லை.

உரிமம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆன்சிபிள் ஜிபிஎல் உரிமத்தில் உள்ள கட்டற்ற மென்பொருள், கட்டளை வரியிலிருந்து பயன்படுத்த யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. விற்பனைப் பிரதிநிதி ஒருவர் காட்டியதாக நீங்கள் எழுதிய பளபளப்பான திரை தனிப் பொருள், அது உங்களுக்குத் தேவையில்லை. இந்தக் கருவிகள் எல்லாமே கைமாறியவைதான்: ஆன்சிபிளை 2015இல் ரெட் ஹேட் வாங்கியது, செஃப்பை 2020இல் புரோகிரஸ், சால்ட்டை அதே ஆண்டில் விஎம்வேர், பப்பெட்டை 2022இல் பெர்ஃபோர்ஸ். பப்பெட்டின் ஆயத்தப் பொதிகள் வெளிவரும் முறையை பெர்ஃபோர்ஸ் மாற்றியதால் பயனர் சமூகமே 2025இல் ஓபன்வாக்ஸ் என்ற கிளையைத் தொடங்கிவிட்டது. பப்பெட்தான் வேண்டும் என்று மேலாளர் நின்றால், "எந்தப் பப்பெட்?" என்ற கேள்வியையும் சேர்த்தே கேளுங்கள். டெராஃபார்ம் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அது சர்வர்களை உருவாக்கும் கருவி, உருவான சர்வருக்குள் இருப்பதை நிர்வகிக்க அல்ல. உங்களிடம் கிளவுட் இல்லாததால் அதை விட்டுவிடலாம்.

ஏஜென்ட் இல்லையென்றால் பாதுகாப்பா?

நண்பர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏஜென்ட் இல்லாததால் புதிய போர்ட் (வலையமைப்பு வாசல்) திறக்க வேண்டியதில்லை, கூடுதலாக ஒரு சேவை ஓட வேண்டியதில்லை. அது ஆதாயம்தான். ஆனால் ஆபத்து மறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. 18 சர்வர்களிலும் ரூட் (முழு நிர்வாக) அதிகாரம் பெறக்கூடிய எஸ்எஸ்எச் சாவி ஒரே இடத்தில் இருக்கிறது. கடிதத்தின்படி அந்த இடம் நீங்கள் வீட்டுக்கு எடுத்துப் போகும் மடிக்கணினி.

மையக் கணினி பறிபோனால் என்ன ஆகும் என்பதற்கு சால்ட் ஒரு பாடம். 2020 ஏப்ரல் கடைசியில் அதன் மாஸ்டர் சேவையில் ஒரு பெரிய ஓட்டைக்குத் திருத்தம் வெளியானது. கடவுச்சொல் எதுவும் இல்லாமலே மாஸ்டரையும் அதன் கீழுள்ள எல்லாக் கணினிகளையும் ஆட்டுவிக்க முடிந்த ஓட்டை அது. சில நாள்களுக்குள், 4505, 4506 போர்ட்டுகளை இணையத்துக்குத் திறந்து வைத்திருந்த இடங்கள் தாக்கப்பட்டன. லினேஜ்ஓஎஸ் (ஆண்ட்ராய்டு சார்ந்த இயங்குதளம்), கோஸ்ட் (வலைப்பதிவுத் தளம்) போன்றவையும் அந்தப் பட்டியலில் இருந்தன.

ஆகவே ஆன்சிபிளை ஓட்டுவதற்கென்று தனியாக ஒரு சிறிய கணினியை ஒதுக்குங்கள். உள் வலையமைப்பிலிருந்து மட்டும் அதை அடைய முடிய வேண்டும். சாவிக்கு கடவுச்சொற்றொடர் இருக்கட்டும். தினசரி ஓட்டம் ஆள் இல்லாமல் நடப்பதால் அதற்கு மட்டும் தனிச் சாவி, அந்தக் கணினியின் முகவரியிலிருந்து வந்தால்தான் செல்லும் என்ற கட்டுப்பாட்டோடு. இலக்குச் சர்வர்களில் இதற்கென்று தனிப் பயனர் கணக்கு. "சூடோவில் (நிர்வாக அதிகாரத்தோடு கட்டளை ஓட்டும் கருவி) குறிப்பிட்ட கட்டளைகளை மட்டும் அனுமதித்தால் போதாதா?" என்று தோன்றும். ஆன்சிபிளோடு அது ஒத்துவராது. அது ஒவ்வொரு முறையும் ஒரு பைத்தான் நிரலை அனுப்பித்தான் வேலை செய்கிறது, கட்டளைகளை முன்கூட்டியே பட்டியலிட முடியாது.

பைத்தான் என்றதும் உங்கள் இரண்டு சென்ட்ஓஎஸ் 7 (பழைய லினக்ஸ் பதிப்பு) சர்வர்கள் நினைவுக்கு வருகின்றன. அவற்றில் இயல்பாக உள்ளது பைத்தான் 2.7. ஆன்சிபிளின் மையப் பகுதியான ஆன்சிபிள்-கோர் 2.17 முதல் அதை ஆதரிப்பதில்லை. பழைய 2.16ஐப் பிடித்துக்கொண்டிருக்கலாம், ஆனால் சென்ட்ஓஎஸ் 7க்கான ஆதரவே 2024 ஜூன் 30 அன்று முடிந்துவிட்டது. இரண்டையும் ஓய்வுபெற வைப்பதை இந்தத் திட்டத்தின் பகுதியாகவே மேலாளரிடம் எழுதிக் கொடுங்கள்.

அப்புறம் அந்தப் பாஸ்வேர்டுகள். கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன விஷயம், ஆனால் இன்றே செய்ய வேண்டியது இதுதான். புதிய கமிட்டில் (கிட்டில் பதியும் மாற்றம்) அழித்துவிட்டால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், கிட்டின் வரலாற்றில் அவை இருந்துகொண்டே இருக்கும். வரலாற்றைத் திருத்தி எழுதினாலும், ஏற்கெனவே நகல் எடுத்தவர்களிடம் இருக்கும். எனவே முதலில் பாஸ்வேர்டுகளையே மாற்றுங்கள். புதியவற்றை ஆன்சிபிள் வால்ட்டில் குறியாக்கம் செய்து வையுங்கள், வால்ட்டின் சாவியை அதே கிட் களஞ்சியத்தில் வைக்காதீர்கள். ரகசியங்களைத் தொடும் பணிகளுக்கு, வெளியீட்டை மறைக்கும் நோ-லாக் அமைப்பையும் போடுங்கள். இல்லையென்றால் குறியாக்கம் செய்த பாஸ்வேர்டு தினசரி மின்னஞ்சலில் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நிற்கும்.

மூத்த சகா

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உறுத்தியது "அழித்துவிட்டால் திருந்திவிடுவார்" என்ற வரி. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஒரு நள்ளிரவில் டேட்டாபேஸ் இணைப்புகள் தீர்ந்துபோய் எல்லாம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் உள்ளே போய் ஒரு எண்ணைக் கூட்டுகிறார், சேவை மீள்கிறது, படுக்கப் போகிறார். அரை மணியில் உங்கள் கருவி அந்த எண்ணைப் பழையபடி குறைத்துவிடுகிறது. மறுநாள் காலையில் யார் மீது பழி விழும்? கருவி மீது. அது நியாயமாகவும் இருக்கும். அதன் பிறகு அந்த அலுவலகத்தில் ஆன்சிபிள் என்ற பேச்சையே எடுக்க முடியாது.

அவர் கையால் திருத்துவது பிடிவாதத்தால் மட்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் வேறு: அவருக்கு அதுதான் வேகம், விளைவு உடனே கண்ணில் தெரிகிறது, தவறினால் உடனே திருப்பலாம். உங்கள் முறையும் இதே மூன்றையும் தந்தால்தான் அவர் வருவார். அதோடு, அந்தக் கான்ஃபிக் கோப்புகளில் உள்ள விசித்திரமான வரிகள் ஏன் இருக்கின்றன என்று தெரிந்த ஒரே ஆள் அவர். அவரை விட்டுவிட்டு நீங்கள் எழுதும் டெம்ப்ளேட்டில், எப்போதோ ஒரு விபத்துக்குப் பிறகு சேர்த்த வரி காணாமல் போகும்.

முதல் மாதத்தில் எதையும் அழிக்காமல் பார்க்க மட்டும் செய்யுங்கள். இரண்டு வழிகள் உண்டு. எட்ஸிகீப்பர் என்ற சிறிய கருவி, சர்வரின் அமைப்புக் கோப்பகத்தையே கிட் களஞ்சியமாக்கி மாற்றங்களைத் தினமும் பதிந்து வைக்கும். யார் எப்போது எதை மாற்றினாலும் தடயம் இருக்கும். அவருடைய வேலைமுறையில் ஒன்றையும் மாற்ற வேண்டியதில்லை. இரண்டாவது, ஆன்சிபிளின் செக் மோட். டிஃப் விருப்பத்தோடு ஓட்டினால், "நான் ஓடியிருந்தால் இந்தக் கோப்பில் இந்த வரி இப்படி மாறியிருக்கும்" என்று காட்டும், எதையும் தொடாது. ஷெல், கமாண்ட் பணிகளைச் செக் மோட் பொதுவாகத் தாண்டிவிடும் என்பதால் முழு நம்பிக்கை வைக்க முடியாது, ஆனால் கோப்புகளுக்கு நன்றாகவே உதவும். அந்த அறிக்கை தினமும் காலையில் இருவருக்கும் வரட்டும். அவர் கையால் மாற்றியது அதில் தெரியும். அதைக் குற்றப்பத்திரிகையாக நடத்தாமல், "இதைப் பிளேபுக்கில் சேர்த்துவிடலாமா, தற்காலிகமா?" என்று கேளுங்கள்.

பிறகு ஒரு விதியை இருவரும் சேர்ந்து வைத்துக்கொள்ளுங்கள்: அவசரத்தில் யார் வேண்டுமானாலும் சர்வரில் நேரடியாக மாற்றலாம், அடுத்த வேலை நாள் முடிவதற்குள் அது களஞ்சியத்துக்கு வந்துவிட வேண்டும். கருவி நிர்வகிக்கும் ஒவ்வொரு கோப்பின் தலையிலும், இது எங்கிருந்து வருகிறது, எங்கே மாற்ற வேண்டும் என்று ஒரு குறிப்பு இருக்கட்டும். அவசர வேலைக்காகத் தினசரி ஓட்டத்தை ஒரு சர்வருக்கு மட்டும் நிறுத்தி வைக்கும் வழியும், எப்படி நிறுத்துவது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிறுத்தும் பொத்தான் தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும்.

மூன்று மாதத்தில் எது முடியும்

எல்லாம் முடியாது. மேலாளரிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள். உங்கள் திட்டத்தில் முதல் சர்வரை முழுவதும் எழுதி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதாக இருக்கிறது. நான் தலைகீழாகச் செய்வேன். ஒரே ஒரு விஷயத்தை எடுத்து 18 சர்வர்களிலும் கொண்டுவருவேன், பிறகு அடுத்த விஷயம். முதலாவது, தவறினாலும் யாரும் கத்தாத ஒன்றாக இருக்கட்டும்: நேர ஒத்திசைவு, அதாவது குரோனியின் கோப்பு, நல்ல தொடக்கம். இதைச் செய்யும்போதே உங்கள் சர்வர் பட்டியல் உண்மையில் சரியா, எதற்குள் நுழைய முடியவில்லை, எதில் சூடோ வேலை செய்யவில்லை என்பதெல்லாம் வெளிவந்துவிடும். அதன் பிறகு பயனர் கணக்குகளும் அவர்களுடைய சாவிகளும், பதிவுகளை அனுப்பும் அமைப்பு, பாதுகாப்புத் திருத்தங்கள், கண்காணிப்பு. இந்த ஐந்தும் எல்லாச் சர்வர்களிலும் ஒரே மாதிரி இருந்தாலே மூன்று மாதத்துக்கு நல்ல அறுவடை.

எஸ்எஸ்எச் கான்ஃபிக்கையும் ஃபயர்வாலையும் தொடக்கத்தில் தொடாதீர்கள். நீங்கள் உள்ளே போகும் கதவே அவைதான், தவறினால் சரிசெய்யவும் உள்ளே போக முடியாது. அவற்றுக்கு வரும்போது எஸ்எஸ்எச்டியின் சோதனைக் கட்டளையை டெம்ப்ளேட்டோடு இணைத்து, வேறொரு ஜன்னலில் திறந்த இணைப்பை வைத்துக்கொண்டு, முதலில் ஒரே சர்வரில் ஓட்டுங்கள். அது நின்றால் பிறகு இரண்டிரண்டாக. இதற்கு ஆன்சிபிளில் சீரியல் என்ற அமைப்பு இருக்கிறது.

மூன்றாம் மாதக் கடைசியில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு வெற்று மெய்நிகர் கணினியை எடுத்து, உங்கள் சகா மட்டும், நீங்கள் பக்கத்தில் இல்லாமல், களஞ்சியத்தில் உள்ளதை வைத்து ஒரு வெப் சர்வரைக் கட்டட்டும். எங்கே நிற்கிறாரோ அதுதான் நான்காம் மாதத்துக்கான வேலைப் பட்டியல். கூடவே ஒரு தெளிவு: இது பேக்கப் அல்ல. டேட்டாபேஸ் எப்படி நிறுவப்பட வேண்டும் என்பதைப் பிளேபுக் சொல்லும், அதற்குள் இருந்த தரவைத் திருப்பித் தராது. மேலாளரின் மின்னஞ்சலைப் பார்த்தால் அவர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார் என்று தோன்றுகிறது.

பழைய ஸ்கிரிப்ட்டுகளைத் தூக்கி எறிய வேண்டாம். எந்தெந்த வேலைகள் தேவைப்படுகின்றன என்பதற்கு அவையே ஆவணம். ஒவ்வொன்றாகப் பிளேபுக்குக்கு வந்த பிறகு, ஓட்ட முடியாதபடி செய்து வேறு இடத்தில் வைத்துவிடுங்கள்.

விண்டோஸ் கணினிகள்

"ஒரே கருவி" என்ற மேலாளரின் நிபந்தனையை இங்கே தளர்த்த வேண்டும். ஆன்சிபிளால் விண்டோஸை நிர்வகிக்க முடியும், வின்ஆர்எம் என்ற விண்டோஸ் தொலைநிர்வாக வசதி வழியாக. முடியும் என்பதற்காகச் செய்ய வேண்டியதில்லை. உங்கள் 34 கணினிகளும் ஆக்டிவ் டைரக்டரியில் (விண்டோஸ் கணினிகளையும் பயனர்களையும் மையமாக நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் அமைப்பு) இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அதன் வழியே அமைப்புகளைக் கொண்டுசேர்க்கும் குரூப் பாலிசி ஏற்கெனவே கையில் இருக்கிறது. அது இயல்பாக 90 நிமிடத்துக்கு ஒரு முறை, அதோடு தற்செயலாக 30 நிமிடம் வரை கூடுதலாக, ஒவ்வொரு கணினியும் தானே கேட்டு இழுத்துக்கொள்ளும் முறை. மேலாளர் பப்பெட்டில் விரும்பும் அதே குணம். அணைந்திருந்த கணினி எழுந்ததும் தானே சரியாகும். மாலையில் அணைக்கப்படும் அலுவலகக் கணினிகளுக்கு ஆன்சிபிளின் தள்ளும் முறையைவிட இது எவ்வளவோ மேல். அலுவலக வலையமைப்புக்கே வராமல் வெளியில் சுற்றும் மடிக்கணினிகள் பெருகினால் அப்போது மைக்ரோசாஃப்டின் இணையவழி நிர்வாகச் சேவையான இன்டியூன் பற்றி யோசிக்கலாம்.

உங்கள் சொந்தக் கணினிகள்

மூன்று கணினிகளுக்கு ஆன்சிபிள் அவசியமில்லை. ஷெல், எடிட்டர் அமைப்புகள் ஒரே மாதிரி இருந்தால் போதும் என்றால் கிட்டும் குனு ஸ்டோவும் (அமைப்புக் கோப்புகளை உரிய இடத்தில் இணைத்து வைக்கும் கருவி) போதும். கணினிக்குக் கணினி சிறு வேறுபாடுகள் வேண்டுமென்றால் ஷேமுவா (chezmoi) என்ற கருவி நன்றாக இருக்கும், அதில் டெம்ப்ளேட் வசதி உண்டு. நிக்ஸ்ஓஎஸ் ஆசையையும் இங்கே தீர்த்துக்கொள்ளுங்கள்: மூன்றில் ஒன்றில் மட்டும், தினசரி வேலைக்கு நம்பியிராத கணினியாகப் பார்த்து. உங்கள் சொந்த அமைப்புக் கோப்புகள் உள்ள களஞ்சியத்தைப் பொதுவில் வைப்பதாக இருந்தால், அதில் வேலையிடத்தின் சர்வர் பெயர்களோ எஸ்எஸ்எச் கான்ஃபிக்கோ கலந்திருக்கிறதா என்று முதல் புஷ்ஷுக்கு (வெளியே ஏற்றுவதற்கு) முன்பே ஒரு முறை தேடிப் பார்த்துவிடுங்கள்.